பி.ஆர். என்ற ஒரு வரி: ஷியாமளா கோபாலனின் ஆய்வும் தாய்மையும்

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் ஆரம்பாக்கம் பக்கத்து ஏரிக்கரைப் பெண்கள் சென்னைக்குத்தான் போகவேண்டும். சூலூர்ப்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ஜி.எச். இருக்கிறது. இன்னொரு பஸ் ஏறினால் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. அங்கே பயாப்ஸி எடுத்துத் தரும் அறிக்கையின் அடிப்பகுதியில் மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. ஒவ்வொன்றுக்கும் எதிரே பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். அந்தப் பெண்ணுக்கு என்ன மருந்து, எத்தனை ஆண்டுக்கு என்பதில் பாதியை அந்த மூன்று வரிகள் தீர்மானிக்கின்றன. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் இருந்தால் பல சமயம் தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை, குறைந்தது ஐந்து ஆண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை மலிந்த மாத்திரை அது. இரண்டும் இல்லையென்றால் அந்த மாத்திரையால் பயன் இல்லை, வேறு வழி பார்க்கவேண்டும்.

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பி.ஆர். என்பது புரொஜெஸ்டிரோன் ஏற்பி. இரண்டாவதன் குணத்தை அறிவதற்குத் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்களில் ஒருவர் மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்த தமிழ்ப் பெண். அவர் பெயரைத் தமிழ்நாடு அறியும். அறிந்திருப்பது வேறொரு காரணத்துக்காக. 2020-இல் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரானபோது, அவருடைய அம்மா ஷியாமளா நம் ஊர்க்காரர் என்று தெரிந்து நாம் மகிழ்ந்தோம். குடும்பத்தின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தோம், கோயிலில் அர்ச்சனை செய்தோம். மேடையில் கமலா தன் சித்திகளைக் குறிப்பிட்டபோது அந்த ஒரு சொல்லுக்காகவே நெகிழ்ந்தோம். அம்மா விஞ்ஞானியாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். எந்த விஞ்ஞானத்தில், எதைக் கண்டார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணை அவள் பெற்ற பிள்ளையின் புகழால் மட்டும் நினைவுகொள்வது அவளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஷியாமளாவின் விஷயத்தில் இந்த அநீதி இரட்டிப்பானது. தாயின் உடல் எப்படி இயங்குகிறது என்பதே அவர் வாழ்நாள் ஆய்வுப் பொருளாக இருந்தது.

அவர் பிறந்தது 1938-இல், சென்னையில். அப்பா பி. வி. கோபாலன். அந்த ‘பி’ பைங்காநாட்டைக் குறிக்கும். துளசேந்திரபுரமும் பைங்காநாடும் அடுத்தடுத்த ஊர்கள், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில். கோபாலன் அரசுப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, மத்திய அரசின் மூத்த அதிகாரியானவர். 1960-களில் ரொடீசியாவிலிருந்து வந்த அகதிகளைக் கவனிக்க இந்திய அரசு அவரை ஜாம்பியாவுக்கு அனுப்பியது. அம்மா ராஜம் பள்ளிப் படிப்பை முடிக்காதவர், பன்னிரண்டு வயதில் நிச்சயிக்கப்பட்டவர். கணவரிடம் அடிபட்டு வந்த பெண்களுக்கு இடம் கொடுப்பாராம். ஏழைப் பெண்களிடம் கருத்தடை பற்றி ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே ஊர் சுற்றுவாராம். பேத்தி கமலாதான் இதை எழுதியிருக்கிறார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர் ஷியாமளா. அப்பாவின் வேலை மாற்றலோடு ஊர் ஊராக வளர்ந்தார், கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடினார்.

கல்லூரிக்குப் போன இடம் டெல்லியின் லேடி இர்வின் கல்லூரி. படித்தது மனையியல். அந்தப் பாடத்துக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை ஊகிப்பது கடினமில்லை. தட்டு வைக்கவும் விருந்து பரிமாறவும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று வீட்டிலேயே அப்பாவும் தம்பியும் கேலி செய்திருக்கிறார்கள். விஞ்ஞானம் படிக்கவேண்டிய பெண்ணுக்குக் கிடைத்த சுற்றுவழி அது. அவர் அதைக்கொண்டே நேர்வழிக்கு வந்து சேர்ந்தார். யாரிடமும் சொல்லாமல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து இடமும் வாங்கினார். பார்த்திராத நாடு, பார்த்திராத பல்கலைக்கழகம். வீட்டில் சொன்னபோது அப்பா தடுக்கவில்லை, முதல் ஆண்டுச் செலவைத் தன் சேமிப்பிலிருந்து தருவதாக ஒப்புக்கொண்டார். 1958-இல் மகள் புறப்பட்டபோது வயது 19.

அந்த ஆண்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அமெரிக்காவில் இந்தியர்கள் குடியேற 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த எண்ணிக்கை ஆண்டுக்கு 100 பேர். அந்தக் கதவு அகலத் திறந்தது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே. இன்று நாம் பார்க்கும் அமெரிக்கத் தமிழர்களின் மருத்துவர், பொறியாளர் வரிசையெல்லாம் அதற்குப் பின் வந்தது. ஷியாமளா போனபோது அங்கே தமிழ்ச் சங்கம் இல்லை, நம் ஊர்ப் பாணிக் கோயில் இல்லை, மாவு அரைத்துத் தர ஆள் இல்லை. வீட்டோடு இருந்த உறவு, வாரக்கணக்கில் பயணம் செய்யும் நீலநிற ஏரோகிராம் கடிதம். மாணவ விசாவில் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வாள் என்பதுதான் வீட்டார் நினைப்பு.

அவருடைய முதல் ஆய்வு கோதுமையில். முழுக் கோதுமை மாவில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது என்பது பற்றி பார்பரா கென்னடி, ரிச்சர்ட் லைமன் ஆகியோருடன் அவர் எழுதிய சிறு கட்டுரை 1961-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. டெல்லியில் மனையியல் படித்து வந்த பெண், 22 வயதில், உலகின் தலைசிறந்த அறிவியல் இதழில். அந்தத் தடுப்புப் புரதத்தைத் தனியே பிரித்துத் தூய்மைப்படுத்தியதே 1964-இல் அவர் வாங்கிய டாக்டர் பட்டத்தின் ஆய்வேடு. இந்தக் கேள்விக்கு இந்திய வேர் உண்டு. கேம்பிரிட்ஜில் 1939-இல் டாக்டர் பட்டம் பெற்ற கமலா சோஹோனி பம்பாயில் இந்திய உணவுப்பொருள்களின் டிரிப்சின் தடுப்பான்களை ஆராய்ந்து 1954-இல் எழுதியிருந்தார். பயறும் பருப்பும் ஊறவைத்து, வேகவைத்துச் சாப்பிடுகிறோம். பச்சையாகத் தின்றால் அவற்றில் உள்ள புரதம் உடம்பில் சேராமல் தடுக்கும் பொருள்கள் சூட்டில்தான் பெரும்பாலும் செயலிழக்கின்றன. அடுப்படியில் தெரிந்த ஒன்றின் காரணத்தை ஆய்வுக்கூடத்தில் தேடிய இந்தியப் பெண்களின் வரிசையில் ஷியாமளா வருகிறார். மனையியலைக் கேலி செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

1962-இல் பெர்க்லியில் கறுப்பின மாணவர்கள் கூடிப் பேசும் ஒரு வட்டத்தில் ஜமைக்காவிலிருந்து பொருளியல் படிக்க வந்த டொனால்ட் ஹாரிஸைச் சந்தித்தார். மறு ஆண்டு திருமணம். வேறு வேறு இனத்தவர் மணந்துகொள்வது அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்போது குற்றம். அந்தச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-இல்தான். அன்றைய தஞ்சை மாவட்டத்து வைதிகக் குடும்பத்தின் மூத்த பெண் எடுத்த முடிவு என்று பார்த்தால் இது எந்த அளவு துணிச்சல் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். 1964-இல் பட்டமும் வந்தது, அக்டோபரில் கமலாவும் பிறந்தார். 1967 ஜனவரியில் மாயா. ஒரு பிரசவ வலி ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போது வந்தது, இன்னொன்று அடுப்படியில் பலகாரம் செய்யும்போது வந்தது என்று கமலா தன் ‘தி ட்ரூத்ஸ் வி ஹோல்ட்’ நூலில் எழுதுகிறார். இரண்டு இடத்திலும் கடைசி நிமிடம்வரை வேலை நடந்திருக்கிறது.

கணவரின் ஆசிரியர் பணி இல்லினாய், விஸ்கான்சின் என்று மாற, ஷியாமளாவும் அங்கே போனார். போன இடத்தில் அவருக்குக் கிடைத்தது அவர் வாழ்நாள் முழுதும் விடாத கேள்வி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கமலாவின் அம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பு முழுதும் ஓடுகிறது. ஈஸ்ட்ரோஜன் கைவிரலுக்கும் போகிறது, கருப்பைக்கும் போகிறது. கருப்பை மட்டும் ஏன் அதைக் கண்டு வளர்கிறது? 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனைச் செலுத்திப் பார்த்து, கருப்பை போன்ற சில உறுப்புகளின் செல்களில் மட்டும் அதைப் பிடித்துவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். அதுவே ஏற்பி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜாக் கோர்ஸ்கியும் அதே வேட்டையில் இருந்தார். ஷியாமளா கோர்ஸ்கியுடன் சேர்ந்து எலியின் கருப்பையை ஆராய்ந்தார். செல்லின் சாற்றுப்பகுதியில் ஹார்மோனைப் பிடிக்கும் இடங்களுக்கும், மரபணு இருக்கும் உட்கருவில் அதைப் பிடிக்கும் இடங்களுக்கும் என்ன தொடர்பு என்பதே கேள்வி. அந்தக் கட்டுரை 1969-இல் வந்தது.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அதன் உழைப்பு புரியும். ஏற்பிகள் மிகக் குறைவு, மிக மென்மை. சூடு பட்டால் சிதைந்துபோகும். அதனால் திசுவை அரைப்பதிலிருந்து பல மணி நேரம் சுழற்றிப் பிரிப்பதுவரை பூச்சியத்துக்குச் சற்று மேலான குளிரில் செய்யவேண்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிர் அறையில் நிற்கவேண்டும். டிரிட்டியம் சேர்த்த ஹார்மோனை ஊற்றி, எவ்வளவு ஒட்டியது என்று கதிரியக்கத்தை எண்ணி, ஒட்டாததைக் கழித்துப் பார்க்கவேண்டும். நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமுடியாது. மாலையில் குழந்தையை யார் அழைத்து வருவது என்ற கேள்வி இந்தக் குளிர் அறையில் நிற்கும் தாயைத்தான் முதலில் குத்தும்.

ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி செல்லின் சாற்றிலிருந்து உட்கருவுக்கு நகர்கிறது என்பதே அன்றைய கோட்பாடு. 1984-இல் இரண்டு குழுக்கள், ஒன்று கோர்ஸ்கியுடையதே, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஹார்மோன் வரும் முன்பே உட்கருவில்தான் இருக்கிறது என்று காட்டின. திசுவை அரைக்கும்போது அது சாற்றில் கலந்துவிடுகிறது, அதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கோட்பாடு திருத்தப்பட்டது, அளவீடுகள் நின்றன. ஷியாமளாவின் அன்றைய கட்டுரைகளை இன்று படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துப் படிக்கவேண்டும். அறிவியலில் நல்ல உழைப்பு என்பது பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ளும்படி துல்லியமாக அளந்து வைப்பதுதான்.

மணவாழ்வு நீடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் விவாகரத்து ஆயிற்று. இரண்டு பெண்களோடு அவர் பெர்க்லிக்குத் திரும்பி, பான்கிராஃப்ட் வே என்ற தெருவில், கறுப்பின உழைப்பாளிகள் வாழும் பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். திரும்பி ஊருக்கே வந்திருக்கலாம். அப்பாவும் அம்மாவும் வரவேற்றிருப்பார்கள் என்றே அந்தக் குடும்பத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது. அவர் ஆய்வை விடவில்லை, பிள்ளைகளையும் யாரிடமும் ஒப்படைத்துவிடவில்லை. இரண்டையும் ஒருசேர நடத்தக் கைகொடுத்தவர் ரெஜினா ஷெல்டன். லூசியானாவிலிருந்து வந்தவர், அண்டையில் குழந்தைகள் காப்பகம் நடத்தியவர். பள்ளி விட்டதும் கமலாவும் மாயாவும் அவரிடம் போய்விடுவார்கள், அம்மா ஆய்வுக்கூடத்திலிருந்து வரும்வரை அங்கேதான் சாப்பாடு, பாடம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். கமலா 2021-இல் துணை அதிபராகப் பதவியேற்றபோது கைவைத்த இரண்டு பைபிள்களில் ஒன்று அந்த அம்மாளுடையது.

இதைப் படிக்கும் ஏரிக்கரைப் பெண்களுக்கு இது புதிதாக இருக்காது. விடியுமுன் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு கும்மிடிப்பூண்டிச் சந்தைக்குப் போகிறவர்களும், முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களும் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஆயாவிடமோ விட்டுத்தான் போகிறார்கள். ஒரு தாயின் வேலைக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் மடி இருக்கிறது. ஷியாமளாவைத் தனியொருத்தியாய் நின்று சாதித்தவர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதினால் ஷெல்டன் அம்மாள் மறைந்துபோகிறார். அவரைச் சேர்க்காமல் ஷியாமளாவின் ஒரு கட்டுரையையும் கணக்கில் வைக்கமுடியாது.

பள்ளி விடுமுறையில் பெண்களை ஆய்வுக்கூடத்துக்கும் அழைத்துப் போவார். கமலாவின் முதல் வேலையே அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் கழுவியது. சரியாகக் கழுவவில்லை என்று அம்மாவே அந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டார் என்று கமலா சொல்லியிருக்கிறார். குளிர் அறையில் நின்று அளக்கிறவருக்கு அழுக்குக் கண்ணாடி எவ்வளவு பெரிய கேடு என்று நினைத்தால் அந்தக் கண்டிப்பு புரிகிறது.

இந்தக் காலத்தில், மாயாவுக்கு ஐந்து வயது ஆகும்போது, ஷியாமளா எதை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். பெர்க்லியின் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் சத்யவிரத நந்தி என்ற வங்காள அறிவியலாளர் மார்பகத் திசுவில் பெரிய ஆய்வுகள் நடத்திவந்தார். அவரும் ஷியாமளாவும் 1972-இல் வெளியிட்ட கட்டுரை, பால் சுரக்கும் எலியின் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ன செய்கிறது என்பது பற்றியது. அதே ஆண்டு மார்பகக் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உட்கருவுக்குப் போய்ச் சேராத நிலை பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அன்று பலரும் நோயுற்ற மார்பகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மார்பகம், வளரும் மார்பகம், பால் கொடுக்கும் மார்பகம் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் நோயை மட்டும் எப்படிப் புரிந்துகொள்வது என்பதே அவர் நின்ற இடம். அந்த நிலைப்பாடுதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது என்பேன்.

1976-இல் கனடாவின் மான்ட்ரியலில் வாய்ப்பு வந்தது. யூதப் பொது மருத்துவமனையின் லேடி டேவிஸ் ஆய்வு நிறுவனமும் மெக்கில் பல்கலைக்கழகமும். பன்னிரண்டு வயதை எட்டும் கமலாவும் ஒன்பது வயது மாயாவும் பிரெஞ்சு தெரியாமல் பிரெஞ்சுப் பள்ளியில் போய் உட்கார்ந்தார்கள். கமலாவுக்கு அந்த இடமாற்றம் பிடிக்கவில்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. தாய் தன் ஆய்வுக்காகப் பிள்ளைகளை வேரோடு பெயர்த்தார் என்று யாரேனும் சொன்னால், அதே காரணத்துக்காகத் தகப்பன் ஊர் மாறினால் அதை நாம் பதவி உயர்வு என்று சொல்லிவந்ததையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஷியாமளா அங்கே ஏறத்தாழ 16 ஆண்டு வேலை செய்தார்.

அவருடைய சிறந்த ஆய்வு அங்கேதான் நடந்தது. சாண்ட்ரா ஹாஸ்லமுடன் சேர்ந்து 1979-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் சாதாரண மார்பகத்தில் புரொஜெஸ்டிரோன் ஏற்பி எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று வரிசையாகக் காட்டின. கருத்தரிக்காத எலியின் மார்பகத்தில் அது இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடுகிறது. பால் சுரக்கும் மார்பகத்திலோ அது காணப்படவில்லை, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் வரவில்லை. கேட்பதற்குச் சிறு செய்திபோல இருக்கும். ஆனால் கர்ப்பகாலத்தில் பால் சுரக்கத் தொடங்காமல் தடுத்துவைக்கும் புரொஜெஸ்டிரோன், சுரப்பு நிலைபெற்ற பிறகு அதை ஏன் நிறுத்துவதில்லை என்ற பழைய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. கேட்கக் காது இல்லாத இடத்தில் ஹார்மோன் எவ்வளவு கூப்பிட்டும் பயனில்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் புரொஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள கருத்தடை முறை ஏற்றது என்ற மருத்துவ அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 2017-க்குப் பிறகு போடப்படும் ‘அந்தரா’ ஊசி அந்த வகை. ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டு கருத்தடை பற்றிப் பேசிய ராஜத்தின் மகள் இந்த அறிவுக்குப் பங்களித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரும் நிறைவைத் தருகிறது.

அறிக்கையின் பி.ஆர். வரிக்கு வருவோம். அதைப் புற்றுநோய்ச் சோதனையாக முன்மொழிந்தவர்கள் கேத்ரின் ஹார்விட்சும் வில்லியம் மக்குவையரும், 1975-இல். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சரிவர வேலை செய்தால்தான் புரொஜெஸ்டிரோன் ஏற்பி உருவாகும். ஆகவே கட்டியில் பி.ஆர். இருந்தால், அங்குள்ள ஈ.ஆர். உயிர்ப்போடு இருக்கிறது, ஹார்மோனைத் தடுக்கும் மருந்து பலன் தரக்கூடும் என்று பொருள். இந்தச் சோதனை ஷியாமளாவின் கண்டுபிடிப்பு என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியல்ல. இல்லாத பெருமையைச் சேர்த்தால் உள்ள பெருமை மங்கிப்போகும். கட்டியில் அந்த ஏற்பி இருந்தால் என்ன பொருள் என்று மற்றவர்கள் பார்த்தார்கள். நல்ல திசுவில் அது எங்கே, எப்போது, யார் சொல்லி உருவாகிறது என்று அவர் பார்த்தார். 1981-இல் மார்பகத்தின் எந்தத் திசுப்பகுதியில் எந்த ஏற்பி எவ்வளவு என்பதையும் ஹாஸ்லமுடன் பிரித்துக் காட்டினார். நோயை அடையாளம் காண இயல்பின் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைச் செதுக்கியவர்களில் ஒருவர் அவர்.

அவருடைய கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் ‘ஷியாமளா ஹாரிஸ்’ என்று தேடினால் ஏமாந்துபோவார்கள். அவர் வெளியிட்டது பெரும்பாலும் ஜி. ஷியாமளா என்ற பெயரில், நம் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு.

பின்னர் அவர் மீண்டும் கலிபோர்னியா வந்தார், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்துக்கு. மகள்கள் வளர்ந்து தங்கள் வழியில் போயிருந்தார்கள், இருவரும் வழக்கறிஞர்கள். அதே ஆய்வகத்தில் ஈரானில் பிறந்து குடியேறிய மீனா பிஸ்ஸலும் மார்பகத் திசுவை வேறொரு கோணத்தில் ஆராய்ந்துவந்தார். 1991-இல் எலியின் புரொஜெஸ்டிரோன் ஏற்பியின் மரபுக்குறிப்பைப் படியெடுத்து வரிசைப்படுத்திய குழுவில் ஷியாமளா இருந்தார். 1998-இல் வந்தது அவருடைய மிக முக்கியமான பிற்காலக் கட்டுரை. புரொஜெஸ்டிரோன் ஏற்பிக்கு ஏ, பி என்று இரண்டு வடிவங்கள் உண்டு. மரபணு மாற்றிய எலிகளில் ஏ வடிவத்தைக் கூட்டி இரண்டுக்கும் உள்ள இயல்பான விகிதத்தைக் கலைத்துப் பார்த்தார்கள். மார்பகக் குழாய்கள் அளவுக்குமீறிக் கிளைத்தன, செல்கள் ஒன்றோடொன்று கொண்ட பிடிப்பு தளர்ந்தது, திசுவின் ஒழுங்கு குலைந்தது. ஏற்பி இருக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடிவதில்லை, அதன் இரு வடிவங்களுக்கும் உள்ள சமநிலையும் திசுவின் தலைவிதியை மாற்றும் என்று தெரிந்தது.

இது எலியோடு நிற்கும் செய்தியல்ல என்பதை நான்கு ஆண்டில் உலகம் உணர்ந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பெரும் ஆய்வில் 16,608 பெண்கள் இருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று கண்டு 2002 ஜூலையில் அதை இடையிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பெண்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. புரொஜெஸ்டிரோன் வகை மார்பகத்தில் என்ன செய்கிறது என்று கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கேள்வி ஒரே நாளில் மருத்துவர்களின் மேசைக்கு வந்துவிட்டது. அதே 2002-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கூட்டாய்வு, 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தாய் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் மேலும் 7 சதவீதம் குறைகிறது என்று சொன்னது. பால் கொடுப்பது தாயின் திசுவில் எதை மாற்றிவிட்டுப் போகிறது என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. அந்த ஆண்டும் ஷியாமளா, தன் பழைய தோழர் நந்தியோடு சேர்ந்து, வளர்ச்சியும் முதுமையும் மார்பகத்தின் இந்த இரு ஏற்பிகளை எப்படி மாற்றுகின்றன என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் கட்டுரைக்கும் இதற்கும் நாற்பது ஆண்டு இடைவெளி.

இந்தியப் பெண்களுக்கு இப்போது அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். 2022-க்கான உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் புதிதாக ஏறத்தாழ 1,92,000 பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாத கட்டிகளின் பங்கு கூடுதல். அதற்குக் காரணம் என்ன என்பதை நம் பெண்களின் நல்ல திசுவையும் ஆராயாமல் அறியமுடியாது. ஷியாமளா கேட்ட கேள்வியை அவர் பிறந்த மண்ணில் கேட்கவேண்டிய தேவை அவர் காலத்தைவிட இன்று அதிகம்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் அவர் ஓயவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதிக்கு வரும் ஆய்வுத் திட்டங்களை மதிப்பிட்டார், மார்பகப் புற்றுநோய் பற்றிய அதிபரின் சிறப்புக் குழுவில் பணியாற்றினார், மாணவர்கள் பலரை உருவாக்கினார். இவ்வளவு இருந்தும், தமிழ் வாடை வீசும் ஆங்கிலம் பேசுகிற மாநிறப் பெண் என்பதால் கடையிலும் அலுவலகத்திலும் அறிவற்றவரைப்போல் நடத்தப்பட்டதைப் பார்த்து வளர்ந்ததாக மகள் எழுதியிருக்கிறார். தன் பெண்களை அந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று அவர் அறிந்திருந்தார். அதை எண்ணி அவர்கள் கூசாமல் பெருமிதத்தோடு நிற்கும்படி வளர்த்தார். அதற்காக ஊர் உறவை அறுத்துக்கொள்ளவும் இல்லை. பெசன்ட் நகர் தாத்தா பாட்டி வீட்டுக்குப் பெண்களை அழைத்து வருவார். கடற்கரையில் தாத்தாவின் ஓய்வுபெற்ற நண்பர்கள் அரசியல் பேசுவதைக் கேட்டபடி நடந்ததே தன் முதல் அரசியல் பாடம் என்கிறார் கமலா.

வாழ்நாளெல்லாம் மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்தவரைப் பெருங்குடல் புற்றுநோய் கொண்டுபோயிற்று. 2009 பிப்ரவரி 11 அன்று ஓக்லண்டில் இறந்தபோது வயது 70. மகள் கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர் ஆனதைக்கூட அவர் பார்க்கவில்லை. கடைசி நாட்களில் தன்னைப் பார்த்துக்கொண்ட செவிலியரிடம் அவர் கேட்டது தன் பெண்கள் இருவரும் நன்றாக இருப்பார்களா என்பதைத்தான். அவருடைய அஸ்தியைச் சென்னைக்குக் கொண்டுவந்து வங்கக்கடலில் கரைத்தார்கள்.

மலர்வளையம் வேண்டாம், அந்தப் பணத்தை ‘பிரெஸ்ட் கேன்சர் ஆக்ஷன்’ அமைப்புக்குக் கொடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். இந்த அமைப்பு வேறு வகை. 1990-இல் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் நோய் கண்ட பெண்களே தொடங்கியது. தங்கள் உடம்பில் என்ன நடக்கிறது, தரப்படும் மருந்து யாருடைய நலனுக்கு, நோய் வரும் காரணத்தை ஏன் தேடுவதில்லை என்று மருத்துவ உலகத்தைக் கேள்வி கேட்பதற்கென்று அமைந்தது. மருந்து கம்பெனிகளிடம் பணம் வாங்குவதில்லை என்று கொள்கை வைத்திருப்பது. குளிர் அறையில் நாற்பது ஆண்டு அளந்தவர், அந்த அளவுகளின் பொருளை நோயாளிப் பெண் கேட்டு அறியும் உரிமைக்குத்தான் தன் பெயரால் பணம் சேரவேண்டும் என்று விரும்பியிருக்கிறார்.